பலகை குடிக்கும் மழை

தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் நடந்து கதவையும் கூரையையும் பழுதுபார்க்கும் தச்சருக்கு வேண்டிய கைப்பெட்டி மிகச் சின்ன விஷயம். முனைக்கு ஒன்றாக இரண்டு பலகை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பலகை, ஓர் அடிப்பலகை, இரு முனைகளையும் இணைத்து மேலே ஓர் உருட்டுக் கைப்பிடி. மூடியும் இல்லை, பூட்டும் இல்லை. சுத்தியல், கைவாள், உளிகள், சீவுளி, மூலைமட்டம், ரசமட்டம், குறடு, ஆணிப் பொட்டலம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கை பழகியவர் ஒரு பிற்பகலில் அடித்து முடித்துவிடுவார். அந்தப் பெட்டி பத்து வருடம் நிற்குமா, இரண்டாவது மழைக்காலத்திலேயே வாய் பிளக்குமா என்பதைத் தீர்மானிப்பது பலகையை அவர் எந்தத் திசையில் திருப்பி வைத்தார் என்பதுதான். இது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் இலங்கையின் மலைநாட்டில் தவறு சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும்.

காரணம் அங்குள்ள காற்று. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ரயில் பாதையில் இருக்கும் வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மேற்குச் சரிவில் மோதினால் செப்டெம்பர்வரை நோர்வூட், மஸ்கெலியா, டிக்கோயாப் பக்கம் துணி காய்வதில்லை. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் மழை அதில் பாதிகூட இல்லை. ஆனால் மூடுபனி அந்தக் குறையைத் தீர்த்துவிடும். பிறகு ஜனவரி வரும். மார்ச்வரை வானம் வெளிக்கும், விடியலில் புல்லில் உறைபனி படியும், பகலில் காற்று உலரும். லயத்துக் காம்பராவில் கூரைக்குக் கீழே பத்திரமாக வைத்த பலகைகூட ஓர் ஆண்டுக்குள் இந்த இரண்டு காற்றையும் சுவாசித்துவிடுகிறது.

மரம் வெட்டுண்ட பிறகும் காற்றிலிருந்து நீராவியை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். அதன் கலச்சுவர்கள் செலுலோசு இழைகளால் ஆனவை. அந்த இழைகளின் மேற்பரப்பு நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சார் ஈரப்பதன் 65 வீதமாக இருக்கும் காற்றில் ஒரு பலகையைப் போதிய காலம் வைத்தால், அதன் உலர் எடையில் சுமார் 12 வீதம் தண்ணீராக நின்று நிலைகொள்ளும். ஈரப்பதன் 85 வீதமானால் அது 18 வீதமளவுக்கு ஏறும். 90 வீதமானால் 20ஐத் தாண்டும். நாம் செய்யப்போகும் பெட்டியில் ஏறக்குறைய மூன்றே கால் கிலோ உலர் மரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பெப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையே, ஒரு துளி மழைகூட நேரே படாமல், அது ஒரு தேநீர்க் கோப்பையளவு தண்ணீரைக் குடித்துவிடுகிறது.

எடை கூடுவது பொருட்டில்லை. பருமன் கூடுவதுதான் பிரச்சினை, அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிக் கூடுவதில்லை. ஈர்க்குக் கட்டைத் தண்ணீரில் ஊறவைத்தால் கட்டு தடிக்குமே தவிர நீளாது, மரமும் அப்படித்தான். நார் ஓடும் நீளவாட்டில் மாற்றம் அநேகமாக இல்லை. தண்டின் நடுவிலிருந்து வெளியே போகும் ஆரைவாட்டில் கொஞ்சம் தடிக்கும். வளையங்களைத் தழுவிப் போகும் திசையில் அதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு தடிக்கும். பத்து அங்குல அகலப் பலகை ஒன்று 12 வீத ஈரத்திலிருந்து 18க்குப் போகும்போது, அது வளையத்தைத் தழுவி அறுத்த பலகையாக இருந்தால் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் அகலும். ஆரைவாட்டில் அறுத்ததாக இருந்தால் 2 மில்லிமீற்றர். அதே பலகையின் இரண்டடி நீளத்தில் மாற்றம் கால் மில்லிமீற்றரைத் தாண்டாது.

4 மில்லிமீற்றர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வீங்கும் மரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய விசை மிகப் பெரிது. காய்ந்த மர ஆப்புகளைப் பாறைத் துளைகளில் இறுக்கி, தண்ணீர் ஊற்றிப் பாறையைப் பிளக்கும் பழைய முறை இதை நம்பித்தான் நடந்தது. பாறையையே பிளக்கக்கூடியதை இரண்டு அங்குல ஆணி தடுத்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மலைநாடு இந்தப் பிரச்சினையை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, கருவிப் பெட்டியைவிடப் பெரிய பெட்டி ஒன்றில் சந்தித்திருக்கிறது. 1873இல் லூல்கந்துரைத் தோட்டத்திலிருந்து ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை லண்டனுக்குப் போனபோது அதன் எடை வெறும் 23 இறாத்தல். சில பத்தாண்டுகளில் ஏற்றுமதி கோடிக்கணக்கான இறாத்தலாகப் பெருகியது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. அத்தனை தேயிலையையும் அடைக்கப் பெட்டி வேண்டும், அதுவும் சாதாரணப் பெட்டி போதாது. ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலையில் காய்ந்து வெளிவரும் தேயிலையில் ஈரம் 3 வீதமளவுக்குத்தான் இருக்கும். காற்றுப் பட்டால் ஈரத்தையும் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் அது உடனே பிடித்துக்கொள்ளும். பச்சை மரத்தில் பெட்டி அடித்தால், தேயிலை அந்த மரத்தின் நாற்றத்தோடு லண்டனில் இறங்கும். ஆகவே மணம் குறைந்த, இலேசான மோமி மரப் பெட்டிகள் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தன. உள்ளே ஈயத் தாள் ஒட்டினார்கள். சுற்றிலும் காடும் மரமும் நிற்க, பெட்டிக்கு மட்டும் ஜப்பானைப் பார்த்திருந்தது மலைநாடு.

19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் விடை பால்டிக் கடலோரத்திலிருந்து வந்தது. எஸ்தோனியாவின் தாலின் நகரில் லூதர் நிறுவனம் மெல்லிய மரத் தாள்களை ஒட்டிப் பலகை செய்தது. அதை விற்பதற்காக 1897இல் லண்டனில் தொடங்கிய வெனெஸ்டா நிறுவனத்துக்குத் தேயிலைப் பெட்டி பெரிய வியாபாரமாக அமைந்தது. நாம் இன்று பிளைவூட் என்று சொல்வது இதைத்தான். அதன் தந்திரம் மேலே சொன்ன ஒரே உண்மையில் நிற்கிறது: நார் நீளவாட்டில் மரம் அசையாது. ஒரு தாளின் நார் கிழக்கு மேற்காக ஓடினால், அடுத்த தாளின் நாரை வடக்குத் தெற்காகத் திருப்பி ஒட்டுகிறார்கள். ஒன்று அகலப் பார்க்கும் திசையில் மற்றது அசையாமல் நின்று இழுத்துப் பிடிக்கிறது. தாள்களின் எண்ணிக்கை வழக்கமாக மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் இருக்கும். நடுத்தாளுக்கு இருபுறமும் இழுவை சமமாக இருந்தால்தான் பலகை முறுக்காது. சில மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தப் பலகையும், மூலைச் சட்டங்களும், விளிம்புத் தகரமும் தோட்டத்துக்குத் தனித்தனியாக வந்து சேரும். ஸ்டோரிலேயே பெட்டியை அடித்துக்கொள்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிளைவூட் ஆலை எழுந்த பிறகு உள்நாட்டுப் பலகையும் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பல அடுக்குக் காகிதப் பைகள் வந்து தேயிலைப் பெட்டியை ஓரங்கட்டின. கழித்த பெட்டிகள் லயங்களில் அலுமாரியாகவும் மேசையாகவும் வாழ்ந்து தீர்த்தன.

அப்படியானால் கருவிப் பெட்டியையும் பிளைவூட்டில் செய்துவிடலாமே என்று கேட்கலாம். பக்கப் பலகைக்குச் சரி. முனைப் பலகைக்கு நான் விரும்பமாட்டேன். கடைகளில் கிடைக்கும் மலிவான பிளைவூட்டின் பசை மழையில் தாங்காது. விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறித் தாள் தாளாகப் பிரியும். நீர் தாங்கும் பசையில் ஒட்டிய கடல் பிளைவூட் நல்லதுதான், விலைதான் ஏறும். தோட்டத்துச் சவுக்குப் பலகை கையருகே இருக்கும்போது அந்தச் செலவு வீண்.

இங்கே சவுக்கு என்பது தமிழ்நாட்டுக் கடற்கரையில் நிற்கும் சவுக்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து, பின்னர் தேயிலைக்கு நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நட்ட கிரெவில்லியா. நீலகிரியில் சில்வர் ஓக் என்பார்கள். ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 600 கிலோ எடை, எளிதில் சீவலாம், ஆணி ஏற்கும். இதன் மிகப் பெரிய வசதி, பலகை எந்த வாட்டில் அறுத்தது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆரைவாட்டில் அறுத்த முகத்தில் வெள்ளிப் பொட்டுப் பொட்டாக மினுங்கும். மினுங்கும் பலகை பாதியளவே அசையும் பலகை. பத்து அங்குல அடிப்பலகைக்கு அதைத்தான் தேட வேண்டும். அறுக்கும்போது தூளைத் தோலில் படவிட வேண்டாம். சிலருக்கு இந்த மரம் அரிப்பையும் கொப்புளத்தையும் கொடுக்கும். டர்பன்டைன் மரம் என்று மலைநாட்டில் சொல்லும் யூகலிப்டஸ் வலிமையில் இதை மிஞ்சும். ஆனால் எடையும் மிஞ்சும், காயும்போது முறுக்கிக்கொள்ளும். அதை விட்டுவிடலாம். சப்பு மரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். நீர் மரத்துக்குள்ளிருந்து பரவல் முறையில் வெளியேறுவதால், காயும் காலம் தடிப்பின் வர்க்கத்தோடு போகும்: ஓர் அங்குலப் பலகைக்கு எடுக்கும் காலத்தில் ஏறக்குறைய நாலில் ஒன்று போதும் அரை அங்குலப் பலகைக்கு. பலகைகளுக்கிடையே சிறு சட்டங்கள் வைத்து அடுக்கி, அடுப்புக்கு மேலுள்ள பரணிலோ காற்றோடும் இறப்பின் கீழோ விடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரே பலகையைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் பலகை உங்கள் ஊர்க் காற்றோடு சமரசம் ஆகிவிட்டது என்று பொருள்.

இனிப் பெட்டி. நீளம் 24 அங்குலம், அகலம் 10, முனைப் பலகையின் உயரம் 12, பக்கப் பலகையின் உயரம் 4. முனைகளுக்கு முக்கால் அங்குலத் தடிப்பு, மற்றவற்றுக்கு அரை அங்குலம் போதும். எல்லாவற்றுக்கும் முக்கால் அங்குலம் போட்டால் மரத்தின் எடை மூன்றரைக் கிலோவிலிருந்து நாலரைக்கு மேல் ஏறும். அந்த ஒரு கிலோவை மலையேற்றத்தில் ஒவ்வொரு நாளும் சும்மா தூக்க வேண்டியிருக்கும்.

முனைப் பலகையில்தான் பெரும்பாலான பெட்டிகள் சாகின்றன. அதன் நார் செங்குத்தாக, கீழிருந்து மேலாக ஓட வேண்டும். இதற்கு இரண்டு காரணம். முதலாவது சுமை. கைப்பிடி மேலே இழுக்கிறது, அடிப்பலகை கீழே இழுக்கிறது; இடையில் முனைப் பலகை இழுபடுகிறது. நார் நீளவாட்டில் இழுத்தால் மரம் தாங்கும் விசையில் இருபதில் ஒரு பங்கைக்கூட, குறுக்கே இழுத்தால் பல மரங்கள் தாங்குவதில்லை. நாரைக் கிடையாக வைத்த முனைப் பலகை, கைப்பிடியை நோக்கித் தோள் சரித்து ஒடுக்கிய இடத்தில் ஒருநாள் கிழியும். இரண்டாவது ஈரம். செங்குத்து நாருள்ள முனைப் பலகை மழைக்காலத்தில் அகலவாட்டில் தடிக்கும். நீளவாட்டில் நார் ஓடும் அடிப்பலகையும் அதே அகலவாட்டில்தான் தடிக்கும். இரண்டும் ஒன்றாக அகன்று ஒன்றாகச் சுருங்கும். நாரைக் கிடையாக வைத்தால் முனை அசையாது, அடி மட்டும் 4 மில்லிமீற்றர் தள்ளும். அங்கே விரிசல் நிச்சயம்.

செங்குத்து நாரிலும் ஓர் ஆபத்து உண்டு. கைப்பிடித் துளைக்கு மேலே மரம் குறைவாக இருந்தால், உருட்டு மேலே அழுத்தி நார்களை ஆப்புப்போல் பிரித்துவிடும். துளையின் மேல் விளிம்புக்கும் பலகையின் தலைக்கும் இடையே ஒன்றரை அங்குலமாவது விடுங்கள்.

அடிப்பலகையை முனைப் பலகைகளில் ஆணியால் மட்டும் தொங்கவிடுவது சோம்பேறி வேலை. அந்த ஆணிகள் அடிப்பலகையின் வெட்டுமுகத்தில், நார் நீளவாட்டில் இறங்குகின்றன. அங்கே பிடிப்பு பக்கவாட்டில் இறங்கும் ஆணியைவிட வெகு குறைவு. ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்போது அது இன்னும் தளரும். ஆணித் தலைகள் மெல்ல வெளியே எட்டிப் பார்ப்பதை மலைநாட்டுக் கதவுகள் எல்லாவற்றிலும் காணலாம். முனைப் பலகையின் உட்புறத்தில் கால் அங்குல ஆழத்துக்கு ஒரு காடி வெட்டி, அடிப்பலகையின் நுனியை அதில் உட்காரவைத்துவிட்டால் சுமை மரத்தின்மேல் நிற்கும். ஆணிக்கு மிஞ்சும் வேலை நழுவாமல் பிடித்திருப்பது மட்டும். பலகையின் ஓரத்தில் அடிக்கும் ஆணிகளின் கூர் முனையைச் சுத்தியலால் ஒருமுறை தட்டி மழுக்கிவிடுங்கள். கூர் முனை நார்களை விலக்கிக்கொண்டு இறங்கிப் பிளக்கும். மழுங்கிய முனை நார்களை நசுக்கி அறுத்துக்கொண்டு இறங்கும்.

கைப்பிடிக்கு நேராக வளர்ந்த கொய்யாக் கிளை நல்லது. ஒன்றேகால் அங்குல விட்டம் வேண்டும். ஓர் உருட்டின் வளைவு வலிமை விட்டத்தின் கனத்தோடு மாறும். விட்டத்தைப் பாதியாக்கினால் வலிமை எட்டில் ஒன்று. உண்மையில் 12 கிலோவுக்கு முக்கால் அங்குலமே ஒடியாமல் தாங்கும், ஆனால் உள்ளங்கை தாங்காது. அதைவிட முக்கியமானது வடிவம். சுமை ஏற்றிய பெட்டி கைக்குக் கீழே ஓர் ஊசல். அதன் ஈர்ப்பு மையம் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாணளவில் இருப்பதால் அலைவு காலம் ஏறக்குறைய ஒரு செக்கன். நடப்பவரின் இரண்டு எட்டுக்கும் ஏறக்குறைய அதே ஒரு செக்கன்தான். இரண்டு தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும், உளி எகிறும். கைப்பிடியை முழு வட்டமாக விடாமல் பக்கங்களைச் சற்றுச் சீவி முட்டைவாக்கில் ஆக்கினால் கை அதைத் திருக விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் அங்கேயே அடங்கும். இரண்டு முனையையும் துளைக்குள் சுழலாதபடி ஒவ்வோர் ஆணியால் பூட்டுவதும் இதற்காகத்தான்.

அகலம் ஏன் பத்து அங்குலம்? கொழுந்துக் கூடையை நினைத்துப் பாருங்கள். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகோடு ஒட்டித் தொங்குவதால், அதன் எடை உடலின் நடுக்கோட்டை விட்டு இடமோ வலமோ விலகுவதில்லை. கழுத்துக்கு அது கொடுமை என்பது வேறு கதை. கைப்பெட்டி ஒரு பக்கம் இழுக்கிறது. 8 கிலோ கருவியும் 4 கிலோ பெட்டியும் சேர்ந்த 12 கிலோ, உடல் நடுவிலிருந்து சுமார் 30 சென்றிமீற்றர் தள்ளித் தொங்குகிறது. உடல் சாயாமல் நிற்க மறுபக்க இடுப்புத் தசை இழுக்க வேண்டும். அந்தத் தசைக்கும் முதுகெலும்புக்கும் உள்ள தூரம் சுமார் 6 சென்றிமீற்றர்தான். கணக்குப் போட்டால், 12 கிலோவைச் சமன்செய்யத் தசை 60 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கிறது. பெட்டியின் அகலத்தை 14 அங்குலமாக்கினால், உள்ளே ஒரு கருவியும் கூடாமலே, அது 70 கிலோவாகும். தோட்டத்துப் படிக்கட்டில் ஏறி இறங்குபவருக்கு ஒடுக்கமான, நீளமான பெட்டிதான் நல்லது. கருவி கூடினால் இரண்டு சிறு பெட்டிகளாக்கி இரு கையிலும் தூக்குவது இன்னும் நல்லது.

மூடி வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்கும் காரணம் காற்றுத்தான். இரும்பு, காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டியதும் துருப்பிடிக்கத் தொடங்கும், 80க்கு மேலே வேகமெடுக்கும். ஹட்டனில் பல மாதங்களுக்கு அந்த எல்லைக்குக் கீழே இறங்குவதே அரிது. மூடிய மரப்பெட்டியில் இன்னொரு தொல்லையும் சேரும்: மரம் மெதுவாக அசற்றிக் அமில ஆவியை விடுகிறது, அது வெளியேற வழியில்லாமல் உளியின் வாயில் படிகிறது. திறந்த பெட்டியில் அது காற்றோடு போய்விடும். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் தோன்றினால் அது அழுகல் இல்லை. மரத்தின் தனின் இரும்போடு சேர்ந்து உண்டாகும் கறை. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். தேயிலைக் கொழுந்தின் உலர் எடையில் கால் பங்குக்கு மேல் இந்தக் குடும்பத்துப் பொருள்களே இருப்பதால், கவ்வாத்துக் கத்தியிலும் இதே கறுப்பைப் பார்க்கலாம். கல்வனைஸ் ஆணி போட்டால் பெட்டியில் இது வெகுவாகக் குறையும்.

கருவிகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம். 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறைந்துவிடும். ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் இருக்கும் நுவரெலியாவில், இரும்பின்மேல் வழியாமல் மெழுகுப் படலமாக நிற்கும். பலகைக்கு அதைப் பூச வேண்டாம். அது எவ்வளவு நாளானாலும் காய்ந்து படலமாவதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இறுகும், மரத்துக்கு அதுதான் ஏற்றது. ஒன்றை நினைவில் வையுங்கள்: எந்த எண்ணெயும் நீராவியைத் தாமதிக்கச் செய்யுமே தவிரத் தடுக்காது. பலகை அசையத்தான் செய்யும்.

எவ்வளவு அசைகிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம். பெட்டி முடிந்ததும் கவிழ்த்து, அடிப்பலகையின் அகலத்தை நடுவில் வேர்ணியர் இடுக்கிமானியால் அளந்து, திகதியோடு பென்சிலால் அங்கேயே எழுதிவையுங்கள். பெப்ரவரிக் கடைசியிலும் ஜூலைக் கடைசியிலும் அதே இடத்தில் மீண்டும் அளந்து எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் வேறு மரத்தில் பெட்டி செய்தவர் இருந்தால் அவரையும் எழுதச் சொல்லுங்கள்.